மூன்றாவது நடைமேடையில் ஏரி

எங்கள் ரயில் நிலையத்தின் மூன்றாவது நடைமேடைக்கு ஏரி திரும்பி வந்துவிட்டது. நிலையம் கட்டுவதற்கு முன் அந்த இடம் அதனுடையதுதான். நிலையத்தை இயற்கையோடு இணைக்கும் திட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, காத்திருப்போர் அறையில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தது. தரை நனைந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

நான் அங்கே அறிவிப்பாளர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். என் வேலையை ஒரு தவளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் உச்சரிப்பு என்னுடையதைவிடத் தெளிவு. அதை நான் மறுக்கவில்லை.

என் கவலை வேறு. பதினொரு மாதமாகத் திண்டுக்கல்லில் தாய்வீட்டில் இருக்கும் என் மனைவி தமயந்தி கார்டு போட்டிருந்தாள். 'வியாழக்கிழமை மூன்றாவது நடைமேடையில் இறங்குவேன். நீங்கள் இல்லாவிட்டால் அதே வண்டியில் போய்விடுவேன்.'

வண்டியில் வருபவர்களைத் தவிர, ஏரிக்குள் ஊழியர்களுக்கு மட்டுமே அனுமதி; நான் இப்போது ஊழியர் இல்லை. வேலை கேட்டு, திட்டத்தின் வடிவமைப்புப் பொறியாளர் எஸ்தர் மேடத்தைப் பார்க்கக் கிளம்பினேன். அவர் அறைக்குப் போகும் நடைவழி நீண்டுகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை நடக்க ஆரம்பித்தேன். கதவைத் தட்டும்போது புதன்.

"நீங்க தண்ணிக்கு முன்னாடி வந்தவரா, பின்னாடி வந்தவரா?" என்றார்.

"பின்னாடிதான் மேடம்."

"அப்ப கஷ்டம். கொக்கு வேலை எல்லாம் நிரம்பிடுச்சு. நாணல் ஒண்ணு காலியா இருக்கு."

"நாணலுக்கு என்ன வேலை?"

"நிக்கணும்."

"நின்னு?"

"அவ்வளவுதான். வாயைத் திறக்கக் கூடாது."

கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். பக்கத்து நாணல் எங்கள் பழைய நிலைய அதிகாரி வரதராஜுலு. சீனியாரிட்டிப்படி அவர் எனக்கு முன்னால் நின்றார். மறைத்தது.

வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. தவளை பிழையில்லாமல் அறிவித்தது. பயணிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தமயந்தியும் இறங்கினாள். சுற்றிப் பார்த்தாள். நான் கூப்பிட முடியாது.

வண்டி கிளம்பப் போவதாகத் தவளை சொன்னது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். பிறகு நாணல்களைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"இத்தனை நாணல்ல விறைப்பா நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான் நின்னீங்க. கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா நான் போயே இருக்க மாட்டேன்."

வரதராஜுலு வேறு பக்கம் பார்த்தார்.

வண்டி ஊதியது. காற்று துளிகூட இல்லை.

நான் வளைந்தேன்.

அவள் தன் பையை என்மேல் மாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். வண்டி போனது.