லெவேயா, லவேயா

எங்க வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சு தெரியும். எங்க ஊரு கருவடிக்குப்பம் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களா வாசல்ல காவல் வேலை. வர்றவங்களுக்கு ‘போன்ஷூர்’, போறவங்களுக்கு ‘ஒர்வுவார்’. நடுவுல என்ன பேசுவாரோ, அது மாதாவுக்கே வெளிச்சம். பேரு அமலநாதன். ஆளு நல்ல ஒசரம், நான் அவரு நெஞ்சுக்குத்தான் வருவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சாம் வருஷம் எனக்கு வலது மார்புல கட்டி வந்துச்சு. புத்துநோய்னு சொல்லி ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்துட்டாங்க. மார்பு போச்சேன்னு அழுதேன். உயிர் இருக்கேன்னு அதுக்கும் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்புற அன்னிக்கு வெள்ளைக்கார டாக்டர் என் வலது கையைத் தொட்டுக் காட்டி இவருகிட்ட ஏதோ சொன்னார். தமிழ் பேசுற கன்னியாஸ்திரி அம்மா அந்த நேரம் பக்கத்துல இல்ல. கூப்பிடலாம்னேன். "எதுக்கு? எனக்கே புரிஞ்சுடுச்சு"ன்னு மீசையைத் தடவினார் மனுஷன்.

ஆளு தள்ளுற புஷ்புஷ் வண்டியில ஏறினதும், "டாக்டர் என்ன சொன்னாரு?"ன்னு கேட்டேன்.

"கையைத் தினமும் கழுவணுமாம், பெர்னதெத். விடாம செய்யணுமாம்."

கழுவினார் பாருங்க! வெந்நீர் வச்சு, சவுக்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் விடாம, பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி கழுவுவார். தொடச்சுட்டு, தையல் பிரிஞ்சுடப் போவுதுன்னு பழைய துண்டால கையை நெஞ்சோட சேர்த்துக் கட்டிடுவார். எனக்குத் தலை சீவிக் கொண்டை போடுறதும் அவருதான். அந்தக் கொண்டை தெருமுனை வரைக்கும்கூட நிக்காது.

காயம் ஆறிடுச்சு. கை மட்டும் மேல வரல. தோள் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிப்போச்சு. தேங்காய்த்திட்டுலேருந்து மீன் கொண்டாற பூவாயி ஒருநாள் கூடையை இறக்கிவச்சுட்டு என்னையே உத்துப் பார்த்தா. "என்னக்கா, சீக்கு கைக்கு எறங்கிடுச்சா?"ன்னா. நாக்குல சனி! அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அடுத்தது கையைத்தான் வெட்டுவாங்க, அதுக்கப்புறம் குழிதான்னு நானே முடிவு கட்டிட்டேன். இவருகிட்ட மூச்சு விடல. கழுவும்போது அவரு மூஞ்சைப் பார்த்தா சொல்ல மனசு வரல.

மறுபடி டாக்டருகிட்ட போற நாள் வந்துச்சு. நல்லவேளை, கன்னியாஸ்திரி அம்மா பக்கத்துலயே நின்னாங்க. டாக்டர் என் கையை மெல்லத் தூக்கினார். "ஐயோ!"ன்னு அலறிட்டேன். அவரு மூஞ்சி சிவந்துபோச்சு. இவரு பக்கம் திரும்பி ஏதோ காட்டமா கேட்டார்.

"வீ, தொக்தேர்!"ன்னு இவரு நெஞ்சை நிமித்திக்கிட்டார். "சவோன்! தினமும் சவோன்!"

வீன்னா ஆமாம், சவோன்னா சவுக்காரம். டாக்டர் திருதிருன்னு முழிச்சார். கன்னியாஸ்திரி அம்மா மட்டும் முந்தானை இல்லாத குறைக்குக் கையாலயே வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க.

"அமலநாதா, டாக்டர் சொன்னது லெவே. கையைத் தூக்குன்னு அர்த்தம். நீ லவேன்னு எடுத்துக்கிட்டியே, கழுவுன்னு!"

எனக்குச் சிரிப்பு வரல. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். "அம்மா, அப்போ சீக்கு கைக்கு வரலியா? கேட்டுச் சொல்லுங்க."

டாக்டர் என் அக்குளை, கழுத்தை, தோளையெல்லாம் பொறுமையா அழுத்திப் பார்த்தார். அவங்க தமிழ்ல சொன்னாங்க: "ஒண்ணும் இல்லம்மா. அசைக்காம கட்டிவச்சதால இறுகிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா தூக்கினா வந்துடும். வலிக்கும், விட்டுடாதே."

அப்பாடா! அந்த எடத்துலயே ஓன்னு அழுதேன். கல்லை எறக்கிவச்ச மாதிரி இருந்துச்சு. வண்டியில ஏறினப்புறம்தான் கோவம் வந்துச்சு.

"கை மட்டும் மேல வரட்டும். முதல் குட்டு உங்க மண்டையிலதான்!"

"தாராளமா குட்டு. ஆனா நான் குனிய மாட்டேன், நீதான் எட்டணும்"னார்.

சுவத்துல விரலை ஊரவிட்டு மேல ஏத்தணும்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பியிருந்தாங்க. சுவரு எதுக்கு, நான் இருக்கேனேன்னு இவரே வந்து நின்னார். முதல்ல சட்டைப் பொத்தான். அதுக்கப்புறம் காலரு. வலியில நான் அவரைத் திட்டாத திட்டு இல்ல. அவங்க துரையையும் சேர்த்துத் திட்டினேன். மனுஷன் அசையல. காதைத் தொட்ட அன்னிக்கு ரெண்டு பேரும் கேசரி கிண்டித் தின்னோம்.

ஒரு சனிக்கிழமை காலையில விரல் காதைத் தாண்டிப் போச்சு. இன்னும் போச்சு. உச்சந்தலை! இவரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறார். நானும் விரலை மடக்கிட்டேன்.

தலை முடி வறவறன்னு கெடந்துச்சு. எத்தனை மாசமா எண்ணெய் வைக்கலியோ. என் தலையைச் சீவுனவரு தன் தலையைப் பார்க்கவே இல்ல. மடக்கின விரல் தானா விரிஞ்சுபோச்சு.

"குட்டு எங்க?"ன்னார், கண்ணைத் தொறக்காம.

"அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுங்க."

அப்பவும் குனியல அவரு. நான் எட்டி எட்டி, அந்த வலது கையாலயே, தலை நெறைய எண்ணெய் வச்சுத் தேய்ச்சேன். தோள் விண்ணு விண்ணுன்னு வலிச்சுது. வலிச்சா வலிக்கட்டும்னு இருந்துச்சு. முடிச்சுட்டு நங்குன்னு ஒரு குட்டும் வச்சேன்.

"இது லெவே"ன்னேன். "இப்போ போய்த் தலையைக் கழுவுங்க. அதுதான் லவே."