ஏலத்தில் போன பாட்டு

1991ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் கோயிலில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஒரு பூசணிக்காய்க்கும் ஒரு வெடைக்கோழிக்கும் நடுவே, ஒரு ராக் பாட்டு விலை போனது. முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுப்பது சபையின் வழக்கம். வயல் உள்ளவர்கள் நெல் கொண்டுவந்தார்கள், மரம் உள்ளவர்கள் தேங்காய். ஜாஸ்பரிடம் ஒரு கிட்டாரும், 'மதகு' என்ற அவனுடைய குழு சொந்தமாகக் கட்டிய முதல் பாட்டும்தான் இருந்தன. பாட்டைக் கொடுத்தான். சபை ஊழியரான உபதேசியார் சிரித்துக்கொண்டே வெறுங்கையை உயர்த்தி ஏலம் கூறினார். குழு ஒத்திகை பார்க்கும் கொட்டகைக்கு அடுத்த வீட்டுக்காரர் சத்தியநேசன் வாத்தியார் அதை எடுத்தார். இனி அது தன் உடைமை, ஒருவரும் வாசிக்கக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அன்று முதல் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஜாஸ்பரின் கம்பிகள் அதிர்ந்தன, சத்தம் வரவில்லை. மதாரின் டிரம்ஸ் பஞ்சுமூட்டை போலானது. பட்டாபியின் கீபோர்டில் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். பாட்டு வாத்தியாரின் அடுக்களையில் கேட்டது, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், முழுதாக. அமைதிக்காக ஏலம் எடுத்தவர் தட்டு அதிர அதிரச் சாப்பிட்டார். அவர் மனைவி சாரம்மாள் பாட்டு முடிந்தபிறகு தாளிப்பது என்று வைத்துக்கொண்டாள்.

ஜாஸ்பர் திருப்பிக் கேட்டான். "ஏலே, ஆண்டவருக்குக் கொடுத்தத வாங்கியிருக்கேன். கைமாத்த முடியாது. திரும்ப அறுப்பு ஏலத்துலதான் வைக்கணும்" என்றார் வாத்தியார். வைத்தால் தோற்றதாகிவிடும் என்று வைக்கவும் இல்லை.

சொந்தப் பாட்டு இல்லாத குழு கல்யாண வீடுகளில் பிறர் பாட்டை வாசித்தது. பட்டாபிக்கு பம்பாயில் வங்கி வேலை கிடைத்தது. மறு வருடம் மதார் சவூதியில் தம்மாமுக்கு லாரி ஓட்டப் போனான். புதிதாகச் சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். வாத்தியார் வீட்டுப் பாட்டில் மட்டும் ஆள் மாறவில்லை. ஜாஸ்பர் காம்பவுண்டுச் சுவரோரம் நின்று பழைய மூவரையும் கேட்டுவிட்டு வருவான்.

1996இல் மதார் தம்மாமில் விபத்தில் இறந்து அங்கேயே அடக்கமானான். ஜாஸ்பர் துக்கம் கேட்க மேலப்பாளையம் போனான். மதாரின் தாய்க்கு சித்தி ஜனாபா என்று பெயர். மகன் வாசித்து ஒரு நாளும் கேட்டதில்லை என்றாள். வீட்டுக்குள் கொட்டக்கூடாது என்று விரட்டியவள் அவள்தான். ஜாஸ்பர் பாட்டு இருக்கும் இடத்தைச் சொன்னான். அன்று மாலையும் வாத்தியார் வீட்டில் டிரம்ஸ் ஒரு குறையுமில்லாமல் கேட்டது. செய்தி தெரிந்திருந்த வாத்தியார் சோற்றில் கைவைக்காமல் எழுந்தார். அடுத்த அறுப்புக்குப் பாட்டை ஏலத்தில் வைத்தார்.

சொந்தப் பாட்டு ஒன்று கொண்டுவந்தால் கேசட் போடலாம் என்று சென்னையில் ஒரு கம்பெனி ஜாஸ்பரிடம் சொல்லியிருந்தது. குழு பிழைக்க அது ஒன்றுதான் வழி. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வந்திருந்தான். அவன் கேட்ட விலைக்கு மேல் யாரும் போகவில்லை. உபதேசியார் ஒரு தரம் சொன்னபோது, வாசலுக்கு வெளியே முக்காடிட்டு நின்ற சித்தி ஜனாபா காதிலிருந்த அலுக்கத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அண்ணே, கூட்டிக் கேளும்" என்றான் புது டிரம்மர். "நம்ம பாட்டுல்லா."

ஜாஸ்பரின் கை சட்டைப்பையில் இருந்தது. உபதேசியார் அலுக்கத்துக்கு ஒரு தரம் சொல்லி, இரண்டாம் தரத்தை நீட்டிச் சொல்லி அவனையே பார்த்தார். கை வெளியே வரவில்லை.

கேசட் வரவில்லை. அடுத்த ஆண்டு குழு கலைந்தது. ஜாஸ்பர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தான். மேலப்பாளையத்தில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஒரு வீட்டில் மட்டும் ராக் கேட்கிறது என்று ஜமாஅத்துக்குப் புகார் போனது. பெரியவர்கள் வந்து கேட்டுவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் சத்தத்தில் தலையிட வேண்டாம் என்று திரும்பினார்கள்.

சில நாள் ஜாஸ்பர் அங்கே போவான். "உக்காரு வாப்பா, இப்பம் கொட்டுவான்" என்று சித்தி ஜனாபா முக்காலியைக் காட்டுவாள். டிரம்ஸ் தொடங்கியதும் அரிசி புடைப்பதை நிறுத்துவாள்.

"அவசரப்படுதான்" என்பாள். பிறகு சுவரைப் பார்த்து, "பைய வாப்பா, பைய."

மதார் பையப் போவதில்லை. அவள் முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்குவாள்.