பேர் சொல்லாத இறைச்சி

லோர்னா நான்கு ஹேடக் மீன் துண்டுகளைப் பலகையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பன்றி இறைச்சிப் பட்டையால் சுற்றிப் பல்குச்சி குத்திக்கொண்டிருந்தாள். பச்சைக் குழந்தைக்குத் துணி சுற்றுகிற கவனம். மேலே மாமனாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இவளுக்கு மிளகு போதுமா என்று கவலை.

"என்ன இது?" என்றாள் நாத்தனார் எல்ஸ்பெத்.

"ராத்திரிக்கு லேசா ஏதாவது போதும்னு கென்னத் சொன்னாரு அக்கா. மீன்தானே, வயித்தை ஒண்ணும் பண்ணாது."

"மீனைக் கேக்கல. மேல சுத்தியிருக்கியே, அதைக் கேக்குறேன்."

"இதா? பன்னிக்கறி."

எல்ஸ்பெத்தின் கை தானாக ஏப்ரன் பைக்குள் போய் இரும்பு ஆணியைத் தொட்டது. கடலுக்குப் போகிற குடும்பத்தில் அந்தப் பிராணியின் பேரைச் சொல்ல மாட்டார்கள், கறியை வீட்டுக்குள் சேர்க்கவும் மாட்டார்கள். யாராவது பேரைச் சொல்லிவிட்டால் தோஷம் கழிய இரும்பைத் தொடுவார்கள். லோர்னா பார்த்துவிட்டாள். எடின்பரோவிலிருந்து வந்தவள் அல்லவா, உதட்டுக்குள் சிரித்தாள்.

"இன்னுமா அக்கா? படகை வித்தே இருபது வருஷமாச்சு."

எல்ஸ்பெத் ஆணியைப் பைக்குள் இன்னும் உள்ளே தள்ளினாள். ஐம்பத்து மூன்று வயதிலும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறாள்.

அந்த இறைச்சி இந்த அடுப்படிக்கு வருவது இது இரண்டாவது முறை. முதல் முறை கொண்டுவந்தவள் எல்ஸ்பெத்தேதான். அப்போது பதினேழு வயது. அப்பாவும் பெரிய அண்ணன் சாண்டியும் கடலில் இருந்த நேரம், ஆசைக்கு நான்கு பட்டை வாங்கி வறுத்துத் தின்றாள். மறுநாள் அப்பா மட்டும் கரைக்கு வந்தார். சாண்டியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடுப்படி நாற்றத்தை மோந்து பார்த்துவிட்டு அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ தின்னது உங்கண்ணனைத்தான்."

அதன்பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. கசாப்புக்கடைக்காரர் மகன் இரண்டு வருடம் இவள் பின்னால் நடந்தான், முகம் கொடுக்கவில்லை. அம்மா போனபிறகு அப்பாவுக்குச் சமைத்தாள், துவைத்தாள், கடைசியில் துடைத்தும் விட்டாள். செய்த பாவத்துக்குக் கூலி என்று நினைத்தாள்.

மீன் வெந்து கொழுப்பு பொரிகிற வாசனை மாடிக்கு ஏறியது. தம்பி கென்னத் தடதடவென்று இறங்கி வந்தான்.

"அக்கா, அப்பா கண்ணைத் தொறந்துட்டாரு! என்ன வாசனைன்னு கேக்குறாரு!"

சாகிற நேரத்திலும் அதே பழியா? எல்ஸ்பெத் மாடிக்கு ஓடிப்போய்க் கட்டிலருகே நின்றாள்.

"அப்பா, நான் பண்ணல. சத்தியமா நான் இல்ல."

"யாரு பண்ணா என்ன," என்றார் கிழவர். "கொண்டா."

நான்கு நாளாகத் தண்ணீர்கூட இறங்காத வாய். லோர்னா பெருமையோடு தட்டைக் கொண்டுவந்து எல்ஸ்பெத்திடம் நீட்டிவிட்டு, கென்னத்தோடு அறை வாசலில் நின்றாள். முதல் வாயைக் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"லெர்விக்ல இன்னும் மொறுமொறுன்னு போடுவான்."

"லெர்விக்லயா?"

"துறைமுகத்துக் கடையில. கரை ஏறினா முதல் வேலை அதான். சாண்டிக்கு இதை வச்சு ரெண்டு ரொட்டி பத்தாது."

எல்ஸ்பெத்தின் கையில் முள்கரண்டி அப்படியே நின்றது.

"அப்ப என்னை மட்டும் ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அந்தக் காத்துல அவனை வலைகிட்ட போகச் சொன்னது நான். உங்கம்மாகிட்ட அதையா சொல்ல முடியும்?" மூச்சு வாங்கினார். "வீட்டுக்குள்ள நுழைஞ்சேன், நாத்தம் வந்துச்சு. வாயில வந்ததைச் சொன்னேன்."

வருத்தம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. முப்பத்தாறு வருடம் அவள் யாருக்குப் பயந்து வாழ்ந்தாளோ அந்த மனிதர், உதட்டில் எண்ணெய் மினுங்க, அவள் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இவ்வளவுதானா இந்த ஆள் என்று அருவருப்பாக இருந்தது.

"இன்னும் ஒரு வாய்," என்றார்.

கொடுத்தாள். அதை அவர் மென்று முடிக்கவில்லை.

கென்னத் அழுதான். லோர்னா அவன் முதுகைத் தடவினாள். உயிர் வெளியே போக ஜன்னலைத் திறக்க வேண்டும், எல்ஸ்பெத் திறந்தாள். ஆனி மாதத்துச் சாயங்கால வெயில் கட்டில்வரை வந்தது. அப்பாவின் உதட்டோரம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. எல்ஸ்பெத் அதைத் துடைக்காமல் கீழே இறங்கிப் போனாள்.

பின்னாலேயே லோர்னா வந்தபோது அவள் மேஜை முன்னால் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். உருவிய பல்குச்சி தட்டின் ஓரத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஆணி.

"அக்கா..." என்றாள் லோர்னா.

"உப்பு ஜாஸ்தி," என்ற எல்ஸ்பெத், இன்னொரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள்.