முன்பக்கம் பத்து கிளிக்

என் மனைவி கார் ஓட்டும்போது என்னால் உட்கார முடியாது. கடைத்தெருவில் ஓட்டுவதைச் சொல்லவில்லை. அங்கே அவள் ஆமை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் இருபத்தாறு வயதான எங்கள் சின்னக் காரை அவள் விரட்டும்போதுதான் என் கால்கள் தரையில் நிற்பதில்லை. வேலி ஓரமாக நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன்.

போன மாதம் மூன்றாவது வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கி, இரண்டு சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி புல்லில் போய் நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இறங்கினாள், தண்ணீர் குடித்தாள், சிரித்தாள். அந்தப் புழுதி அடங்கும்வரை நான் கடவுளிடம் என்னென்ன பேரம் பேசினேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "தப்பு கார்லயா, என்கிட்டயான்னு எனக்குத் தெரியணும். பழைய ஷாக் அப்சார்பர் எல்லாம் எண்ணெய் ஒழுகுது. புதுசு மாட்டிப் பார்ப்போம். அப்பவும் ஒரு சுத்துக்கு என் பழைய டைம் வரலன்னா, கோளாறு என்கிட்டதான். கார வித்துடலாம். மனசுக்குள்ள சந்தேகத்த வெச்சுக்கிட்டு ஓட்ட முடியாது."

"சரிம்மா" என்றேன். உள்ளே ஒரு குரல் "வித்துடலாம்" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டது.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஒரு போல்ட்டை மூன்று முறை சோதிப்பது எனக்குத் தொழில் மட்டுமில்லை, வியாதியும்கூட. அவள் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறாள். 'இதுவா, அதுவா, எது தெளிவா இருக்கு?' என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவள். அரைகுறைப் பதிலை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

புது ஷாக் வாங்க மூவரும் போனோம். மூன்றாவது ஆள் அவளுடைய அண்ணன், என் மச்சான். டயர் கடை வைத்திருக்கிறார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அங்கே இருப்பதிலேயே பெரியதைத்தான் முதலில் தொடுவார்.

"மாப்பிள்ளை, இங்க பாருங்க! இதுக்குத் தனி டேங்க், ரெண்டு திருகு. ரேஸ் கார்ல போடுறதே இதுதான்."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "ரெண்டு திருகு இருந்தா ரெண்டு மடங்கு தப்பு பண்ணலாம். யாருங்க ஓட்டுறது?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் என் மனைவியைக் காட்டினோம். அதன்பிறகு அந்த அம்மா எங்கள் பக்கமே திரும்பவில்லை. வாசலுக்கு வந்து காரின் பின்மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டார். கார் எழுந்து, தாழ்ந்து, எழுந்து, தாழ்ந்து, மூன்றாம் தரமும் ஆடியது.

"ஒரு தடவ எழுந்து நின்னுடணும். இது தொட்டில் மாதிரி ஆடுது. வளைவுல எப்படி இருந்துச்சு?"

"ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுத்தா பின்பக்கம் லேசாயிடும். திரும்ப உட்கார ரொம்ப நேரம் எடுத்துக்கும். அதுக்குள்ள வளைவு முடிஞ்சிடும்."

"ஸ்பிரிங் மாத்துனீங்களா?"

"கொஞ்சம் கடினமானது. கார ஒரு அங்குலம் இறக்கியிருக்கோம்."

"அதான். ஸ்பிரிங் துள்ளுது, பிடிச்சு நிறுத்த ஆள் இல்ல." கடைக்காரம்மா நடுவில் இருந்த பெட்டியைத் திறந்தார். அதிலிருந்த ஷாக்கில் ஒரே ஒரு திருகுதான். "திருகத் திருக 'கிளிக்'னு நிக்கும், இதுல அப்படி இருபத்திநாலு கிளிக். முழுசா இறுக்கிட்டு அங்கேர்ந்து எண்ணி தளர்த்தணும். நாலுலயும் பன்னெண்டுல ஆரம்பிங்க. அப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்."

"எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வேகம் இல்லையா?" என்று மச்சான் விடவில்லை.

"கல்லு மாதிரி இருந்தா டயர் தரையத் தொடாம குதிக்கும். முன்பக்கம் மட்டும் ரொம்ப இறுக்கினா, நீங்க எவ்வளவு திருப்பினாலும் மூக்கு நேராவே போகப் பார்க்கும். பின்னாடி வழுக்காது. பயந்தவங்களுக்கு அது நல்லா இருக்கும். ஆனா வேகம் போயிடும்."

மச்சான் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டார். நான் விடவில்லை.

சனிக்கிழமை காலை டயர் கடையிலேயே வேலையைத் தொடங்கினோம். எந்த வேலையைத் தொடும் முன்னும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளை வேண்டிக்கொள்வது என் பழக்கம்.

"மாப்பிள்ளை மேலேர்ந்து பதினேழாம் நம்பர் ஸ்பானர் கேக்குறாரு, சத்தம் போடாத" என்றார் மச்சான்.

"சும்மா இருண்ணா. உனக்கும் சேர்த்துத்தான் கேக்குறாரு" என்றாள் என் மனைவி.

காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, பிரேக் குழாயை ஓரம் ஒதுக்கினோம். அடியில் இருந்த பெரிய போல்ட்டுகள் துருப்பிடித்து, கழற்ற முடியாமல் மல்லுக்கட்டின. எண்ணெய் விட்டோம், தட்டினோம், காத்திருந்தோம். கடைசியில் மச்சான் ஸ்பானர் பிடியில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினார். போல்ட் கழன்றது, அவரும் கூடவே விழுந்தார். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை நான் மட்டுமே தொட்டேன். அது நழுவினால் எதிரே நிற்பவரின் முகம் போய்விடும். யாரையும் எதிரே நிற்கவிடவில்லை. கழற்றிய பழைய ஷாக் ஒன்றை அவள் கையால் அழுத்தினாள். உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

"பார்த்தீங்களா? செத்த உடம்ப வெச்சு ஓட்டியிருக்கேன்." அவள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையின் போல்ட்டைக் கடைசியாக நான் இறுக்கப் போனபோது தடுத்தாள். "முதல்ல கார கீழ இறக்குங்க. சக்கரம் தொங்கும்போது இறுக்கினா உள்ள இருக்குற ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும். அது தன் எடையில நிக்கட்டும், அப்புறம் இறுக்கலாம்." இறக்கினோம், இறுக்கினோம். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் அவள் வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு போட்டாள். நான்கு திருகுகளையும் பன்னிரண்டில் வைத்தோம். அந்த வேலையில் ஒரு குறை கிடையாது. அதை இன்றும் சொல்வேன்.

குறை மறுநாள் காலையில் வந்தது.

டிராக்கில் ஓட்டுநர்களை எல்லாம் கொடி விதிகள் சொல்வதற்காக ஒரு அறைக்கு அழைத்தார்கள். மச்சான் தேநீர் தேடிப் போனார். நான் காரோடு தனியாக இருந்தேன். மூன்றாவது வளைவு அங்கிருந்தே தெரிந்தது. புல்லில் போன மாதத்துச் சக்கரத் தடம் இன்னும் இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், டயரில் காற்றைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். பிறகு பானெட்டைத் திறந்து முன்பக்கத் திருகுகள் இரண்டையும் பத்துப் பத்து கிளிக் இறுக்கினேன். டிக்கியைத் திறந்து பின்பக்கத்தை எட்டு எட்டு தளர்த்தினேன். இரண்டு நிமிட வேலை. வழக்கமாக வேலைக்கு முன் மூடும் கண்ணை அப்போது நான் மூடவில்லை.

முதல் ஓட்டம் முடிந்து வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழுக்கல. ஆனா மூக்கு திரும்பவே மாட்டேங்குது. நான்தான் பயந்து லேட்டா திருப்புறேன் போல."

"புது ஷாக்தானே, பழகணும்" என்றேன். என் நாக்கு என்னுடையதுபோலவே இல்லை.

இரண்டாம் ஓட்டம். கார் மூன்றாவது வளைவை ஒவ்வொரு முறையும் பத்திரமாக, ஒரு பேருந்தைப்போலக் கடந்தது. நான் வேலி ஓரம் நடக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நடந்தேன்; முன்னைவிட வேகமாக நடந்தேன். மச்சான் கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அவளுடைய பழைய நேரத்தைவிட நான்கு விநாடி அதிகம்.

அவள் இறங்கியதும் மச்சான் ஆரம்பித்தார். "எனக்கு அப்பவே தெரியும். மாப்பிள்ளை எதையோ தப்பா மாட்டிட்டாரு. லிஃப்டுக்கும் காருக்கும் வித்தியாசம் வேணாமா? அது மேல கீழ போறது, இது திரும்பணும்."

"அண்ணா!" அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "அவரு கை வெச்ச போல்ட் ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் தளர்ந்ததில்ல. முதுகு ஒடிய நேத்து முழுக்க வேலை பார்த்தாரு. கார் நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது. அவரு மேல பழியப் போடாத."

சொல்லிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினாள். ஒன்றை ஒன்றுக்குள் மடித்தாள். பையின் அடியில், துண்டுக்கும் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து, "கால் வலிக்கும், உட்காருங்க. காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்று தன் மடக்கு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். கார் விலை போகும். என் ஞாயிற்றுக்கிழமைகள் அமைதியாகும். அவள் வீட்டில் இருப்பாள். ஆனால் அந்த வீட்டில் இனி தன்னை நம்பாத ஒருத்திதான் இருப்பாள். அவள் கையிலிருந்த நம்பிக்கையை நான் திருடியிருந்தேன். அன்பு என்று பெயர் வைத்தாலும் திருட்டு திருட்டுதான். அவள் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பேன். நாற்காலியைத் தள்ளினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"முன்பக்கம் பத்து கிளிக் இறுக்கியிருக்கேன்" என்றேன். "பின்பக்கம் எட்டு தளர்த்தியிருக்கேன். காலையில. நீ உள்ள இருந்தப்ப."

மச்சான் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார்.

"தெரியாமலா?" என்று அவள் கேட்டாள். நான் ஆமாம் சொல்ல அவளே ஒரு வழி திறந்துவிட்டதுபோல இருந்தது.

"தெரிஞ்சுதான். நீ மெதுவா போகணும்னுதான்."

பக்கத்து காரில் யாரோ இன்ஜினை உறுமவிட்டு நிறுத்தினார்கள். அவள் பானெட்டைத் திறந்து தாங்கிக் கம்பியை ஊன்றினாள்.

"வாங்க. நீங்களே திருப்புங்க. நான் எண்ணுறேன்."

நான் திருப்பினேன். அவள் சத்தமாக எண்ணினாள், கண் அளவு பார்க்கும்போது பேசும் அதே நிதானக் குரலில். ஒவ்வொரு எண்ணும் என் காதில் அறைந்தது. பத்து. அந்தப் பக்கமும் பத்து. பின்னால் எட்டு, எட்டு. டிக்கியை மூடிவிட்டு மச்சானிடம் கை நீட்டினாள். "உன் ஹெல்மெட்ட அவருக்குக் குடு."

"எனக்கா?" என்றேன்.

"மதிய ஓட்டத்துல பக்கத்துல ஒரு ஆள் உட்காரலாம். ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வாங்க."

மச்சான் ஹெல்மெட்டை என் தலையில் அழுத்தி, பட்டையை இழுத்துக் கட்டினார். கோபம் அவர் விரலில் இருந்தது. ஆனாலும் கழுத்து நெரியாமல் ஒரு விரல் இடம் விட்டுத்தான் கட்டினார். "மாப்பிள்ளை, வாந்தி வந்தா முழுங்கிடுங்க. இது என்னோடது."

முதல் சுற்றை அவள் மெதுவாகவே ஓட்டினாள். இரண்டாவதில் நேர்சாலை என்னை இருக்கையோடு சேர்த்து அடித்தது. மூன்றாவது வளைவு வந்தபோது என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. கண்ணை மூடப் போனேன்; மூடவில்லை. அவள் காலை எடுத்தாள். மூக்கு தாழ்ந்து உள்பக்கம் திரும்பியது. பின்பக்கம் லேசாக நகர்ந்தது. அவள் கை ஒரு விரற்கடை அளவு எதிர்ப்பக்கம் அசைந்தது, அவ்வளவுதான். கார் ஒரே தரம் அமர்ந்து, எழுந்து, நேராகப் போனது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததில் இன்னும் வேகமாக. அந்தக் கைகளுக்கு அங்கே என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. இத்தனை வருடம் வேலிக்கு வெளியே நின்று புழுதியை மட்டுமே பார்த்தவன் நான்.

கடைசிச் சுற்று இன்ஜின் ஆறுவதற்கானது. சத்தம் குறைந்தது. அவள் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை உயர்த்தினாள்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

"எனக்கும்தான். போன மாசத்துலேர்ந்து இருக்கு. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல." பின்னால் வந்த ஒரு காருக்கு ஒதுங்கி வழிவிட்டாள். "இனிமே பயந்தா வாயத் திறந்து சொல்லுங்க. திருகுல கை வெக்காதீங்க."

"சத்தியமா வெக்க மாட்டேன்."

"கோபம் இன்னும் போகல."

"தெரியுது."

"ரெண்டு நாள் ஆகும்."

"ஆகட்டும்" என்றேன். அது எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிடக் குறைந்த தண்டனை.

நுழைவாயில் அருகே வேகத்தைக் குறைத்தபடி, கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "பின்பக்கம் இன்னும் ரெண்டு கிளிக் தளர்த்திப் பார்க்கணும். இன்னிக்கு வேணாம். அடுத்த மாசம் வரும்போது."