பெயரடைவில் ஒரு வரி

அச்சான அறிக்கை கைக்கு வந்ததும் கமா அக்கா கடைசித் தாளைத்தான் முதலில் புரட்டுவாள். முந்நூறு பக்கமும் மற்றவர்கள் பேசியது. கடைசித் தாள் ஒன்றுதான் அவள் செய்தது. யார் பெயர், எந்தச் செய்தி, எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் சொல்லும் பெயரடைவு. பதினெட்டு வருஷமாக நாடாளுமன்றக் குழுக்களுக்குச் சுருக்கெழுத்து எழுதுகிறாள். ஒரு கமாவுக்காக உறுப்பினரையே வழியில் நிறுத்திக் கேட்பாள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. "அடைவ யாருக்கா படிக்கப்போறாங்க? கம்ப்யூட்டர்ல தேடினா வந்துட்டுப் போகுது" என்று கேலி செய்வார்கள். அவள் விட்டால்தானே. பிடித்தால் உடும்புப்பிடி.

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தத் தாளில் இறங்கிய விரல் பாதியில் நின்றது. ஒரு பெண்ணின் முழுப்பெயர். அதற்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி: மகளின் புதிய பள்ளி, 141; இப்போதைய தெரு, 143.

கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அச்சில் ஏறியது கண்ணை மூடினால் அழிந்துவிடுமா என்ன? அங்கேயேதான் இருந்தது.

அந்தப் பெண் பதினேழாவது சாட்சி. இணையத்தில் ஜனங்களுக்கு நேரும் கொடுமைகளைத் தடுக்க அரசு போட்ட கொள்கை வேலை செய்கிறதா என்று குழு ஏழு மாதம் விசாரித்தது. அதில் அவள் ஒருத்திதான் பூட்டிய அறையில் பேசினாள். அவளுடைய பதினான்கு வயது மகள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக யாரோ பொய் வீடியோ செய்து ஒரு தளத்தில் போட்டுவிட்டார்கள். அன்று மாலையே வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். வீடு மாறினார்கள். அங்கேயும் வந்தார்கள். மூன்றாவது வீட்டில் ஜன்னல் வழியாகக் கல் வந்தது. இப்போது இருப்பது நான்காவது. மகள் துணிமணியை அலமாரியில் அடுக்க மாட்டேன் என்கிறாளாம். பெட்டியைக் கட்டியே கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாளாம்.

மறுநாள் அந்தத் தளத்தின் அதிகாரி வந்தார். "புகார் வந்த நாப்பதே நிமிஷத்துல நீக்கிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த நாப்பது நிமிஷத்துல பாத்தவங்க கண்ணையும் நீக்கிட்டீங்களா?" கமா அக்கா அதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டாள். மனசுக்குள் சபாஷ் என்றும் சொல்லிக்கொண்டாள்.

முந்தின நாள் சாட்சி சொல்லி முடித்துத் தாழ்வாரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. "எம் பேரு எங்கயும் வந்துடாதேம்மா?"

"பயப்படாதீங்க. எழுதறதே நான்தான். என்னைத் தாண்டி ஒரு எழுத்து வெளிய போகாது."

அப்படித்தான் சொன்னாள். அறிக்கைக்குள் இருபத்துமூன்று இடத்தில் பெயரை எடுத்துவிட்டு, 'சாட்சி பதினேழு' என்று போட்டாள். பள்ளியை எடுத்தாள், தெருவை எடுத்தாள். மூன்று தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். ஆனால் பெயரடைவை அவள் விசாரணைக்கு மறுநாளே, கை ஈரம் காயுமுன் எழுதித் தனியாக வைத்துவிடுவது வழக்கம். பக்க எண்ணை மட்டும் கடைசியில் பொருத்தினால் போதும். இந்தத் தடவையும் எண்களைப் பொருத்தினாள். எண்ணைப் பார்த்தவள் எழுத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் கமா பார்க்கிறவளுக்குத் தன் எழுத்து தெரியவில்லை.

பதினொரு மணிக்கு அறிக்கை சபையில் வைக்கப்படும். வைத்துவிட்டால் பிறகு அது சபையின் சொத்து; ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்க முடியாது. எழுந்து போய்ச் செயலாளரிடம் சொல்ல வேண்டியதுதானே? கால் வரவில்லை. ரகசிய சாட்சியத்தை வெளியிட்டவருக்கு வேலை போகும் என்பது விதி. அந்த விதியை அச்சுக்குக் கொடுத்ததே அவள்தான். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். யாரும் படிக்காத தாள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், படிக்காமலே போகட்டுமே என்று அந்தச் சண்டாள மனசு சொன்னது. பதினெட்டு வருஷமாக எந்தப் பேச்சைக் கேட்டு ரோஷப்பட்டாளோ அதையே இப்போது சாமியாகக் கும்பிட்டாள்.

அப்படியே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தபோதெல்லாம் அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது. பெட்டியைக் கட்டி வைத்திருக்கும் பிள்ளை. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எழுந்து, கிட்டத்தட்ட ஓடினாள்.

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எப்போ பாத்தீங்க?"

"ஒன்பது நாப்பதுக்கு சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். "நிருபர் அறைக்குப் பத்து மணிக்கே பத்துப் பிரதி போயிடுச்சேம்மா."

அது அவளுக்கும் தெரியும். ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பார்கள், பதினொன்று வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. இருபது நிமிஷம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் ஒரு தாளும் கட்டடத்தை விட்டுப் போயிருக்காது.

அலுவலக ஆட்கள் எல்லோரையும் செயலாளர் அறிக்கைக் கட்டுகள் இருந்த அறைக்கு அனுப்பினார். சபைக்குப் போகவேண்டிய முந்நூறு பிரதியிலும் கடைசித் தாளைக் கிழிக்கச் சொன்னார். வாசல் காவலரோடு இவள் நிருபர் அறைக்குப் போனாள். ஒன்பது பிரதி மேஜைமேல் கிடந்தன. பத்தாவது, ஜன்னலோரம் நின்ற தாடிக்காரர் கையில் இருந்தது. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை; அவசரக்காரர். முந்நூறு பக்கத்தை யார் படிப்பது என்று, எந்தெந்தக் கம்பெனி மாட்டியிருக்கிறது என்று பார்க்க நேரே பெயரடைவுக்குத்தான் போயிருக்கிறார். அவசரக்காரன் வேறெங்கே போவான்?

"போட்டோ எடுத்தீங்களா?" என்றாள்.

"அடைவு மட்டும்தானே. அறிக்கைய ஒண்ணும் போடலையே. 'சிக்கியவர்கள் யார் யார்'னு சும்மா ஒரு பதிவு." கைபேசியை நீட்டிக் காட்டினார். போட்டது பத்து ஆறுக்கு. அதுவும் அதே தளத்தில். பார்த்தவர்கள் இருநூற்றுப் பதினொருவர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் இருநூற்றுப் பன்னிரண்டானது.

பெயரின்மேல் அவள் விரலை வைத்துக் காட்டியதும் தாடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. உடனே அழித்தார். பத்து இருபத்திரண்டு.

குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாகிவிட்டது குழுவின் பாடு. செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அழிச்சாச்சில்ல? பத்து நாள் பாப்போம், தானா அடங்கிடும். அந்த அம்மாவ எதுக்கு வீணாப் பயமுறுத்தணும்? உங்க விஷயத்தையும் அப்புறம் பேசிக்கலாம்."

உங்க விஷயம் என்றால் வேலை. பேசாமல் இருந்தால் அது மிஞ்சும் என்பதைத்தான் மனுஷர் நாசூக்காகச் சொன்னார். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஏற்கெனவே அரைமணி நேரம் பேசாமல் இருந்து பார்த்தாயிற்று. அதன் பலன்தான் கண்ணுக்கு எதிரே இருக்கிறது.

"இல்ல சார். அவங்களுக்குத் தெரியணும். நான் சொல்றேன்."

கோப்பிலிருந்து எண்ணை எடுத்துச் சுழற்றினாள். பக்கத்து அறையில் தாள் கிழிபடும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளா என்று ஒரு கணம், எடுக்காமலே இருக்கட்டும் என்று மறுகணம்.

"யாரு?" அந்தக் குரல். தெரியாத எண்ணைக் கண்டு பயப்படப் பழகிய குரல்.

"நான் குழுவிலேர்ந்து பேசறேம்மா. அன்னிக்கு எழுதினவ." "ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்பு. உங்க பேரு, பொண்ணு பள்ளிக்கூடம், தெரு, மூணும் வெளிய போயிடுச்சு. அந்தத் தளத்துல."

அந்தப் பெண் ஏதாவது கேட்குமுன் கமா அக்கா அவசர அவசரமாகச் சொன்னாள்: "உடனே எடுத்துட்டாங்கம்மா. பதினாறே நிமிஷம்தான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. அந்த அதிகாரியின் அதே நிமிஷக் கணக்கு, அதே 'ஏ'காரம். அதை எழுதிய கையில்தான் இப்போது போன் இருந்தது.

"அன்னிக்கு அந்த வீடியோவுக்கு நாப்பதுன்னு சொன்னாங்க" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

திட்டுவாள் என்று கமா அக்கா காத்திருந்தாள். திட்டவில்லை. போனைக் கீழே வைக்கவும் இல்லை. செருப்புச் சத்தம் நகர்ந்தது. ஜன்னல் கதவு ஒன்று சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு போனில் பேசி, பிள்ளையை வாசலுக்கு விடாதீர்கள், நானே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லும் குரல் கேட்டது. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி தரையோடு தரையாக இழுபடும் சத்தம் வந்தது.