லிஜியின் இரண்டு கணக்குகள்

நெய்யாற்றின்கரையில் எங்கள் அலுவலகத்தின் கணினி வேலை முழுவதற்கும் நான் ஒருவன்தான். டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது எங்கள் தொழில். பாறசாலை சுற்றுவட்டாரத்தில் பதினெட்டுப் பேர் வீட்டிலிருந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக எங்கள் சர்வருக்குள் நுழைந்து வேலை செய்கிறார்கள்.

போன மாதம் வேறொரு கம்பெனி எங்களை வாங்கியது. எல்லோரும் எங்கள் பழைய டொமைனை, அதாவது கணக்குகள் பதிவாகியிருக்கும் வலையமைப்பை, விட்டு அவர்களுடைய டொமைனுக்கு மாற வேண்டும். ஆள் பழைய ஆள்தான். ஆனால் புது டொமைனுக்கு அவர் யாரோ. நுழைந்தால் வெறும் திரை வரும். அவரவர் கோப்புகளும் அமைப்புகளும் கிடக்கும் பழைய ப்ரொஃபைலைப் புதுக் கணக்கோடு நான்தான் இணைத்துக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

லிஜிக்கு மட்டும் பழைய கணக்கு இரண்டு இருந்தது. ஒன்று அப்பா ரெத்தினதாஸ் பெயரோடு, இன்னொன்று கல்யாணத்துக்குப் பிறகு திறந்தது, கணவன் நிபின் பெயரோடு. கல்யாணம் ஆனால் பெண்ணின் பெயருக்குப் பின்னால் அப்பன் போய்ப் புருஷன் வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் நானும் ஒரே சர்ச், ஒரே சபை. போன வருடம் கல்யாணத்தில் சாப்பிட்டவன் நான். யோசிக்கவே இல்லை. நிபின் பெயர் உள்ளதைப் புதுக் கணக்கோடு சேர்த்தேன், மற்றதை அழித்தேன். சர்வரில் இடமில்லை என்று நகல்கூட எடுக்கவில்லை. எந்தக் கணக்கில் கடைசியாக எப்போது நுழைந்தார்கள் என்ற தேதி பக்கத்திலேயே இருந்தது. ஊரார் காரியமெல்லாம் தெரிந்தவனுக்குத் தேதி எதற்கு?

மறுநாள் காலை, எல்லோரும் இருந்த வீடியோ கூட்டத்தில், தன் சுருக்கங்களின் பட்டியலைக் காணவில்லை என்றாள் லிஜி. மூன்றெழுத்து தட்டினால் முழு வாக்கியமும் வரும்படி நான்கு வருடமாக அவள் சேர்த்தவை, இரண்டாயிரத்துக்கும் மேல். திங்கட்கிழமை புதுக் கம்பெனியின் வேகத் தேர்வு. தேறாவிட்டால் வேலை போய்விடும்.

நீதான் ஒழுங்காகச் சேமித்திருக்க மாட்டாய் என்றேன். அப்பா பெயர்க் கணக்கில் பாருங்கள், அதில்தான் வேலை செய்கிறேன் என்றாள் அவள்.

"கெட்டியவன் பேருல ஒண்ணு உண்டுல்லா? பிறகு எதுக்கு அப்பன் பேருல கேறுத?" என்றேன்.



"நான் கல்யாணம் கழிஞ்சு மூணாம் மாசமே அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாச்சு அண்ணா," என்றாள்.

மற்ற பதினேழு பேர் காதிலும் அது விழுந்தது. பாதிப் பேர் எங்கள் சபைக்காரர்கள். நிபின் வெளிநாட்டில் இருக்கிறான், அதனால் மகள் இங்கே நிற்கிறாள் என்றுதான் ரெத்தினதாஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவளை அப்படி வாய்திறக்க வைத்த பிறகும், அழித்தது நான்தான் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன். நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பு.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். காலையில் நடந்தது எதுவும் ரெத்தினதாஸுக்குத் தெரியாது. வா மக்கா என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, சாயா போட உள்ளே போனார். அந்த மரியாதை எனக்குக் கூசியது. லிஜி நினைவிலிருந்து சுருக்கங்களை ஒவ்வொன்றாக மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. அழித்தது நான்தான் என்றேன். மேனேஜர் விமலகுமாரிக்குத் தனியாக எழுதித் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க தனியா எழுதுவீங்க. நான் எல்லாரும் கேக்கத்தான சொன்னேன்?"

அங்கேயே நின்று போனில் மேனேஜர் உட்பட எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தேன். ஒவ்வொரு முகமாக வந்தது.

"லிஜிக்க கணக்க அழிச்சது நானாக்கும். அவமேல ஒரு தப்பும் இல்ல. தேதி முன்னாலயே கெடந்துது, நான் பாக்கல. இன்னைக்கு காலத்த கூட்டத்துல அவகிட்ட அப்படிக் கேட்டது அதவிட மோசம்."

தேர்வை இரண்டு வாரம் தள்ளிவைக்கக் கேட்கிறேன் என்றார் விமலகுமாரி. போனை அணைத்துவிட்டுத் திரும்பினேன். கையில் சாயாவோடு ரெத்தினதாஸ் வாசலில் நின்றிருந்தார்.

"எலே, எல்லாரும் கேக்க என் பிள்ளகிட்ட நீ என்னத்த கேட்ட?" என்றார்.

லிஜி தட்டுவதை நிறுத்தினாள்.