இடது கைக்குள் ஒரு ஜன்னல்

கருப்புத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் மனைவி வந்து உட்கார்ந்தபோதே மேஜிக்காரர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பேராசிரியைக்கு முன்னால் அவருக்குக் கொஞ்சம் பெருமை காட்ட வேண்டியிருந்தது.

பிறந்தநாள் விழாக்களில் பந்தை மறைத்துக் குழந்தைகளை வாய்பிளக்க வைத்தவர் அவர். குழந்தைகள் எல்லாரும் கைபேசிக்குள் போய்விட்ட பிறகு, சும்மா கிடந்த அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தது இந்த உளவியல் ஆய்வுக்கூடம்தான். வருகிறவரிடம் இரண்டு படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். அவர் சுட்டிய படத்தைத் தருவதுபோல் நீட்டி, கண்மூடித் திறப்பதற்குள் அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கியதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, 'இது ஏன் பிடித்தது?' என்று கேட்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் ஏமாந்தார்கள். ஏமாந்ததோடு விட்டார்களா, அந்தப் படம் ஏன் பிடித்தது என்று ஆசை ஆசையாகக் காரணம் வேறு சொன்னார்கள். தாங்கள் எடுக்காத முடிவுக்கும் மனிதர்கள் எப்படிக் காரணம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் பேராசிரியையின் ஆராய்ச்சி. மேஜிக்காரருக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தூரம். படித்தவன், பணக்காரன் என்று பாராமல் எல்லாரும் தன் கையில் ஏமாறுவதில் அவருக்கு ஒரு குஷி, அவ்வளவுதான்.

அன்று அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த மனைவியைப் பேராசிரியைதான் பிடித்து உட்கார வைத்தார்.

"புது கேமராவச் சோதிச்சுப் பாக்கணும்மா. ஆராய்ச்சில சேராது, சும்மாதான்" என்றார்.

ஒரு படத்தில் பெரிய கூடம். நீளமான சோபா, டிவி, பத்துப் பேர் தாராளமாக உட்காரும் இடம். மற்றதில் மாடியில் ஒரு சின்ன அறை. ஒற்றை நாற்காலி, சுவரை முக்கால்வாசி தின்றுவிட்ட ஜன்னல், வேறொன்றும் இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. ஜன்னலைத் தொட்டாள்.

"இதுங்க."

கை தன் வேலையைச் செய்தது. இவ்வளவு சுத்தமாக என்றைக்கும் செய்ததில்லை என்று அவருக்கே பட்டது. "இது ஏன் பிடிச்சிருக்கு?"

அவள் படத்தைப் பார்த்தாள். அவரை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"நல்லா விசாலமா இருக்கு. நாலு பேர் வந்தா உக்காரலாம். உங்க அக்கா வந்தா காலை நீட்டிப் படுத்துக்குவாங்க. ஜன்னல்தான் இல்ல. இருந்தா மட்டும் என்ன, தூசிதான வரும்."

தூசிதான வரும். அந்த வார்த்தையை அவர் எங்கோ கேட்டிருக்கிறார். எங்கோ என்ன, தன் வீட்டுக் கூடத்தில்தான். வீடு தேடி அலைந்த காலத்தில் ஒரு மாடி வீட்டு ஜன்னலோரம் அவள் வெகுநேரம் நின்றிருந்தாள். அவரோ தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த கீழ்வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர்களிடமெல்லாம், "வீட்டம்மா பாத்துப் புடிச்ச வீடு" என்று பீற்றிக்கொண்டார். அவளும் பக்கத்தில் நின்று, விசாலம், அக்கா, தூசி என்று இதே காரணங்களை இதே வரிசையில் சொன்னாள். சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.

"பிரமாதம் சார்! துளிகூட சந்தேகம் வரல பாருங்க" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தார் பேராசிரியை. சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். மேஜிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ எடுத்த படம் இது இல்ல. கவனிச்சியா?"

"தெரியுமே. அது உங்க இடது கைக்குள்ள இருக்கு."

பேராசிரியையின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் ஏம்மா சொல்லல?"

"மேடையில இவர் பக்கத்துல நின்னு பெட்டி எடுத்துக் குடுத்தவ நான்தான மேடம். எது எங்க போகுதுன்னு தெரிஞ்சாலும், தெரியாத மாதிரி கண்ண விரிச்சுட்டு நிக்கணும். அப்பத்தான கை தட்டுவாங்க. அதே பழக்கம்."

குரலில் குறை இல்லை, குத்தல் இல்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். சண்டைக்கு வந்திருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பார். இவளை எப்படி மறந்தோம்? அந்த விரிந்த கண்களை எப்போதிலிருந்து நிஜம் என்று எடுத்துக்கொண்டோம்? பேராசிரியை தேவையே இல்லாமல் கேமராவின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தக் கருப்புத் துணிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது மேஜிக்காரருக்கு.

திரும்பும்போது பேருந்தில் கூட்டமில்லை. ஜன்னலோரமும் காலி, நடைபாதை ஓரமும் காலி. எப்போதும் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறவர், கம்பியைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

"உனக்கு எது வேணும்?"

அவள் இருக்கைகளைப் பார்க்கவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். சட்டைக்குள் மறந்துபோயிருந்த படத்தின் முனை அவர் மணிக்கட்டில் குத்தியது. ஏமாற்று ஒன்றுமில்லை என்பதுபோல் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு வித்தைக்கும் முன்னால் அப்படித்தான் காட்டுவார்.

அவள் கண்களை அகல விரித்தாள்.